சாமிக்குப் பூப்பெட்டிப் படுக்கை

அதனால்தான் சொல்கிறேன், பூ வந்த தெர்மாகோல் பெட்டி கையில் கிடைத்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள்!

(முதலிலிருந்து சொல்ல வேண்டுமோ? சரி, கேளுங்கள்.)

எங்கள் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டார். போட்ட நாளிலிருந்து அவர் எனக்குச் சாமி, நான் அவருக்கு அம்மா. (முப்பது வருடமாக "ஏய், இந்தா" என்று கூப்பிட்ட வாய்! ஐயப்பா, உன் மகிமையே மகிமை!)

போன வருடமும் போட்டார். பாதி விரதத்தில் வீசிங் வந்துவிட்டது. இந்த இழுப்போடு மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாலையைக் கழற்றிவிட்டு, மற்ற சாமிகள் வேனில் ஏறுவதை ஓரமாக நின்று பார்த்தார் பாருங்கள், அந்த முகத்தை இன்னொரு தரம் என்னால் பார்க்க முடியாது.

இந்த வருடம் நான் முடிவே பண்ணிவிட்டேன். குளிர் பட்டு அந்த நெஞ்சு இழுக்கக் கூடாது! அவர் மலை ஏறியே ஆக வேண்டும்!

ஆனால் எப்படி?

மெத்தை கூடாது, தலையணை கூடாது, வெந்நீர் கூடாது. பாயில் படுத்து, விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தரையோ டைல்ஸ்! கார்த்திகை பிறந்து சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்துவிட்டால், கால் வைக்கவே பயமாக இருக்கும்.

முதல் நாள் ஒரு போர்வையை மடித்துப் பாய்க்கு அடியில் நைசாக வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"போர்வை சாமி."

"சாமிக்கு எதுக்கும்மா சொகுசு? எடுத்துருங்க."

"இருமுனா வீடே அதிருதே, அது மட்டும் எந்த விரதத்துல சேத்தி?"

"சாமி சரணம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார். (பதில் கிடைக்காத இடத்திலெல்லாம் சாமி சரணம்தான்!)

மறுநாள் பக்கத்து வீட்டு ஜெயமேரியிடம் புலம்பினேன். அவள் வீட்டுக்காரருக்குப் பூ மார்க்கெட்டில் பேக்கிங் வேலை. வெளியூருக்கு மல்லிகை போகிற தெர்மாகோல் பெட்டிகளில் ஓரம் உடைந்ததையெல்லாம் கொண்டுவந்து, கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்காக மாடியில் அடுக்கி வைத்திருந்தாள்.

"இத வெட்டிப் பாய்க்கு அடியில போடுங்கக்கா. தரைக் குளிரு ஏறவே ஏறாது."

"அப்ப ஒன் குடிலுக்கு?"

"ஏசப்பா மாட்டுக் கொட்டாய்லயே படுத்தவரு. அவருக்கு ரெண்டு மூடி போதும். அம்புட்டையும் எடுத்துட்டுப் போங்கக்கா!"

காய் நறுக்குகிற கத்தியால் உட்கார்ந்து அறுத்தேன். (வீடெல்லாம் வெள்ளை உருண்டை. இன்னும் பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்!) கீழே தெர்மாகோல், அதன்மேல் துவைத்துக் காயவைத்த சாக்கு, அதன்மேல் பாய். காற்று வருகிற சன்னல் இடுக்குகளில் பழைய சேலையைக் கிழித்துச் செருகினேன்.

சாயங்காலம் பூஜை முடித்து வந்த சாமி பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார்!

"என்னம்மா, பாயெல்லாம் மல்லியப்பூ மணக்குது!"

ஐயோ! எத்தனை நாள் மல்லிகை இருந்த பெட்டிகள்! பிரம்மச்சரிய விரதம் இருக்கிற சாமிக்கு மல்லிகை மணக்கிற படுக்கையை விரித்து வைத்திருக்கிறேன்!

அந்த நேரம் பார்த்து ஜெயமேரி உள்ளே வந்தாள்.

"என்னக்கா, புதுமாப்பிள்ள ரூம்பு கணக்கா மணக்குது?"

"ஏடி, வாயக் கழுவுடி! சாமி காதுல விழுகப் போகுது!"

(விழுந்துவிட்டது. அவர் "சாமி சரணம்" சொன்ன சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.)

விடுவேனா நான்? எல்லாத் தெர்மாகோல் துண்டையும் மாடிக்குத் தூக்கிப்போய் மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். ரெண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சாம்பிராணியும் காட்டினேன். மல்லிகை வாசம் போய்விட்டது. ஆனாலும் சாமி அசையவில்லை. குருசாமி சொன்னால்தான் படுப்பாராம்.

சரி என்று குருசாமியையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்!

"குருசாமி, எத மெத்தைங்கிறது?"

"பஞ்சு அடைச்சுத் தச்சா மெத்தைம்மா."

"இதுல பஞ்சும் இல்ல, தையலும் இல்ல. பாருங்க."

அவர் குனிந்து தட்டிப் பார்த்தார். நான் மனதுக்குள் சரணம் சொல்லிக்கொண்டே நின்றேன்.

"பலகை மாதிரில்ல இருக்கு. பலகைல படுக்கலாமே!"

எங்கள் சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். குருசாமி விடவில்லை.

"ஒடம்பக் கெடுத்துக்கிட்டு வான்னு ஐயப்பன் கேட்டாராக்கும்? படுங்க சாமி!"

படுத்தார்!

அடுத்தது குளியல். மீதி இருந்த ஒரு முழுப் பெட்டிக்குள் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியை இறக்கினேன். மத்தியானம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே நன்றாகச் சூடாக இருக்குமே, அதைப் பிடித்து ஊற்றி, சுற்றிலும் பழைய துணியைத் திணித்துப் பெட்டியை மூடிவிட்டேன். மறுநாள் விடியற்காலை தொட்டுப் பார்த்தால் சுடவும் இல்லை, ஜில்லென்றும் இல்லை!

முதல் செம்பு ஊற்றியதும் குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா! அடுப்புல வச்சீங்களா?"

"அடுப்பப் பத்தவைக்கவே இல்ல சாமி. சூரிய பகவான் வச்சது!"

இதற்குச் சாமி சரணம்கூட வரவில்லை. கடகடவென்று ஊற்றுகிற சத்தம்தான் வந்தது.

இவ்வளவுக்கும் நான் காசு கொடுத்து வாங்கியது இரண்டு சாக்கு மட்டும்தான். பெட்டியெல்லாம் ஜெயமேரி கொடுத்தது. (அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். குடில் கட்ட இந்த வருடம் நானும் கூடப் போகிறேன்.)

உங்கள் வீட்டிலும் மாலை போட்ட சாமி இருந்தால் செய்து பாருங்கள். ஆனால் பெட்டியை முதலிலேயே கழுவிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்!

இன்று காலை இருமுடி கட்டி வேன் ஏறிவிட்டார். "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. சொல்லவில்லை, பார்க்கவில்லை. நான்தான் வேன் திரும்புகிறவரை நின்றேன்.

அட, எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. மாலை போட்ட அன்று வீட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேனா, அவர் மூச்சு முட்டினால் மட்டும் இழுக்கிற இன்ஹேலருக்கும், மூடி வந்து சேருகிற இடத்தின்மேல் ஒரு பொட்டு வைத்திருந்தேன். இன்று காலை அதை அவர் பையில் எடுத்து வைத்தபோது, அந்தப் பொட்டு ஒரு கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது.