நாலு நிமிஷம் இருபது செகண்டு

எங்கள் கேபிள் ஆபீஸை நினைத்தாலே எனக்கு எரிச்சல்தான். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், டீக்கடைக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் வெள்ளைத் தூசி, மூடினால் முதலாளி ராஜமாணிக்கத்தின் ஊதுபத்திப் புகை. அங்கே ஏழு வருஷமாகக் கம்ப்ளெய்ண்ட் போன் எடுக்கிறவள் நான், அருள்ஜோதி. அந்த ஆபீஸில் வேலை தெரிந்த ஒரே ஆள் லீமா. அவளைப் பற்றித்தான் இது.

லீமாவின் அப்பா செராமிக் பட்டறையில் அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றியவர். நெஞ்சில் தூசி அடைத்தே போய்ச் சேர்ந்தார். அம்மா இடுப்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறார். லீமா பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு எங்களிடம் பில் அடிக்க வந்தாள். வந்த இரண்டாம் மாசமே வயர், பெட்டி, சர்வர் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருஷம் செராமிக் பக்கத்து நாலு தெருவுக்குப் பழைய கேபிளை உருவிவிட்டு ஃபைபர் போட்டார்கள். இனிமேல் சானல்கள் மல்டிகாஸ்ட் முறையில் போக வேண்டுமாம். அதாவது, ஆபீஸிலிருந்து ஒரு சானலுக்கு ஒரே ஒரு பிரதிதான் கிளம்பும். எந்த வீட்டு செட்டாப் பெட்டி கேட்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் வழியில் பிரிந்து போகும். பிரித்து அனுப்புகிற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதலாளி, "லீமா பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு ஊதுபத்தி கொளுத்தப் போய்விட்டார்.

முதல் வாரம் ஒரு வீட்டிலும் படம் வரவில்லை. போகிற தகவல் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்று ஒரு எண் கொடுக்க வேண்டுமாம். அது ஒன்று என்று இருந்ததால் எல்லாம் எங்கள் ரவுட்டர் வாசலிலேயே செத்துக்கொண்டிருந்தது. லீமா இங்கிலீஷ் பக்கங்களாகப் படித்து, நாற்பது பக்க நோட்டில் எழுதி எழுதிப் பார்த்து, அதைக் கண்டுபிடித்தாள். படம் வந்தது. முதலாளி எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு, யாருக்கோ போன் போட்டு, "நாந்தான் ஒக்காந்து செட் பண்ணேன்" என்றார். என் பங்கு பஜ்ஜியையும் லீமாவிடமே கொடுத்துவிட்டேன்.

மூன்று மாசம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் திடீரென்று படம் உறைய ஆரம்பித்தது. சரியாக நாலு நிமிஷம் இருபது செகண்டு ஓடும், நின்றுவிடும். சானலை மாற்றிவிட்டுத் திரும்ப வந்தால் மறுபடி அதே நாலு நிமிஷம் இருபது செகண்டு. "நான் எதையும் தொடலக்கா" என்றாள் லீமா. முதலாளி அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார்.

"சானல மாத்திட்டு திரும்ப வரச் சொல்லு ஜோதி. பெரிய விஷயமா?"

நானும் சொன்னேன். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு, வெட்கமில்லாமல் சொன்னேன்.

அப்போதுதான் மாதா கோயில் திருவிழா வந்தது. வர முடியாத வயசானவர்கள் வீட்டிலேயே பார்க்கட்டும் என்று பங்குச் சாமியார் கேட்க, ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசையை நேரடியாகக் காட்டுவதாக முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். லீமாவிடம் வந்து, "பூசை நடுவுல நின்னுச்சின்னா திங்கக்கெழம நீ வர வேணாம்" என்றார். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறவள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை லீமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் வயர் பிரிகிற பெட்டிக்குப் போனாள். உடைந்த பீங்கான் கோப்பைக் குவியல் மேல், உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

"ரவுட்டரு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதபா, 'இத இன்னும் யாராச்சும் பாக்குறீங்களா'ன்னு கேக்கும்க்கா. வூட்டுப் பொட்டி ஆமான்னு சொன்னா வுடும். நாலு நிமிஷம் இருவது செகண்டு பதிலே வரலன்னா யாரும் இல்லன்னு நிறுத்திடும்."

"பொட்டி ஏன் பதில் சொல்லல?"

"கேள்வியே போய்ச் சேரலக்கா. இங்கேர்ந்து கெளம்புது, அங்க வரல. நடுவுல யாரோ அடைச்சிருக்காங்க."

நடுவில் இருப்பது முதலாளி அறையில் வயர்களை இணைக்கிற ஸ்விட்ச் ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்வது சேத்தியாத்தோப்பில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குருமூர்த்தி. லீமா போன் போட்டாள். அந்த ஆள் சிரித்தான்.

"அதுவா? ஸ்விட்சுல என்னா ஓடுதுன்னு ஒரு நாள் மொதலாளிக்குக் காட்டுனேன். யாரு பாக்குறீங்கன்னு கேக்குதா, அத ஒடனே அடைன்னாரு. அடைச்சிட்டேன்."

எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. தன்னிடம் எத்தனை வீட்டுக் கனெக்‌ஷன் இருக்கிறது என்று வீட்டுக்கு இவ்வளவு என்று காசு கேட்கிற கட்டணச் சானல்காரனுக்கு முப்பது வருஷமாக உண்மை சொல்லாத மனுஷர் ராஜமாணிக்கம். யாரோ வீட்டை எண்ணுகிறான் என்று நினைத்து, தன் சொந்த ரவுட்டரின் வாயையே பொத்தியிருக்கிறார். பழி லீமா மேல்.

அவள் குருமூர்த்தியிடம் பாஸ்வேர்டு வாங்கி, ஞாயிறு காலை அடைப்பை எடுத்துவிட்டாள். ஒன்றரை மணி நேரப் பூசை ஒரு செகண்டுகூட நிற்கவில்லை. என் போன் அடித்தது ஒரே தடவை, அதுவும் லீமாவின் அம்மா. "சாமியார் நன்மை அப்பம் குடுக்குற வரைக்கும் முழுசா பாத்தேன் ஜோதி" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை குருமூர்த்தி சொல்லி முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"யாரக் கேட்டு தொறந்த?"

"சார், அந்தக் கேள்வி நம்ம லைன தாண்டி வெளிய போவாது. தெருவுல இருக்குற பொட்டியத்தான் கேக்குது. அடைச்சா படம் நிக்கும் சார்."

"நிக்கட்டும். நாளைக்கு எவனாச்சும் வந்து எண்ணிப் பாத்தான்னா நீயா பதில் சொல்லுவ? பூசைதான் முடிஞ்சிடுச்சில்ல. கேக்குற பொட்டியும் வேணாம், கேக்காம தொறக்குற ஆளும் வேணாம். கெளம்பு."

நின்றால் வேலை போகும் என்றவர், நிற்காமல் ஓட்டியதற்காக அவளை அனுப்பினார். லீமா நாற்பது பக்க நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேங்க்கா" என்று படி இறங்கினாள். நான் எழுந்து நிற்கக்கூட இல்லை. மத்தியானத்துக்குள் குருமூர்த்தி வந்து திரும்ப அடைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை போன் அடித்தது. லீமாவின் அம்மா.

"ஜோதி, படம் நின்னுடுச்சிம்மா. லீமா வேல கேட்டு கடலூரு பஸ்ஸுக்குப் போயிருக்குது. ரிமோட்டு வேற கீழ வுழுந்துடுச்சி, என்னால குனிஞ்சி எடுக்க முடியல. என்னா பண்ணட்டும்?"

முதலாளி என் மேஜை அருகில் ஊதுபத்தி செருகிக்கொண்டு நின்றார்.

"சானல மாத்திட்டு திரும்ப வாங்கம்மா" என்றேன்.

"சரிம்மா" என்று போனை வைத்தார்.