சதாசிவம் ஐயா கேட்காத அத்தியாயம்

என் நூலில் சுவரைப் பற்றிய அத்தியாயத்தைச் சதாசிவம் ஐயாவுக்கு வாசித்துக் காட்ட, அவர் ஊரான வாழவந்திக்குப் போகும் பஸ்ஸுக்காக ஏற்காட்டில் நின்றிருந்தேன். அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். "தாளையெல்லாம் ஊட்டுலயே வெச்சுட்டு வாங்கக்கா. அப்பா போயிட்டாருங்க." அத்தாள்களை என்ன செய்வதென்று அன்றும் தெரியவில்லை; இன்றும் தெரியவில்லை.

உங்களில் பலர் அவரைக் காப்பித் தோட்டக்காரராக மட்டுமே அறிவீர்கள். அதற்கு முன் அவர், சூரியனுக்குள் நிகழும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்த முயலும் ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றியவர். அங்கே பல கோடி டிகிரி வெப்பத்தில் பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயு சுழலும். காந்தப்புலம் அதைக் கலத்தின் சுவரில் படாமல் தாங்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூலகத்திலேயே கற்றுத் தேர்ந்த நான் இதைத் தமிழில் நூலாக்கத் துணிந்தேன். பிழை பார்க்க அவர் இசைந்தார்.

அத்தகையவர் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றுவார். "ஏனுங்க சார், சூரியனையே கூண்டுல அடைச்சவரு, இந்தக் கொண்டை ஊசிக்கு நடுங்கறீங்களே?" என்று ஒருநாள் நடத்துனர் சீண்டினார்.

"அங்க காந்தம் புடிச்சிருந்துச்சுங்க. இங்க உங்க டிரைவர்தானுங்களே புடிச்சிருக்காரு!"

பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் கம்பியை விடவில்லை.

நான் உரக்க வாசிக்க, அவர் கண்மூடிக் கேட்பார். முடிந்ததும், "எந்த வரிய எழுதறப்பப் பயமே வரலீங்க, அம்மணி?" என்பார். அந்த வரியைத்தான் முதலில் சோதிப்பார். ஒருமுறை, சுவர் உருகுவது ஒன்றே ஆபத்து என்றெழுதிய வரியைப் பெருமிதத்தோடு காட்டினேன்.

"சுவரு நோகறது மெய்தானுங்க. ஆனா சுவத்துல இருந்து பேந்த துகள் உள்ள போச்சுன்னா, வெப்பத்தையெல்லாம் ஒளியாக் கக்கிப்போடும். நெருப்பே அணைஞ்சுரும். நாங்க நொம்பப் பயந்தது அதுக்குத்தானுங்க." பிறகு சன்னலுக்கு வெளியே புரண்ட மூடுபனியைக் காட்டினார். "பிளாஸ்மாவும் இப்படித்தான் சுழிச்சுச் சுழிச்சு, உள்ள இருக்கற சூட்டைச் சுவத்துப் பக்கம் கடத்திக்கிட்டே இருக்கும். எந்தச் சுழி எப்பக் கிளம்பும்னு யாராலும் முழுசாச் சொல்ல முடியாதுங்க."

அத்தியாயத்தை அடியோடு மாற்றி எழுதினேன். அவர் கேட்காமல் போனது அதைத்தான்.

பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார். நாள்தோறும் அதை எனக்கே உரக்க வாசிக்கிறேன். ஒரு வரிகூட என்னை அச்சுறுத்தவில்லை. அதுவே என்னை நடுங்கவைக்கிறது. நான் பிழைபட எழுதினால், தமிழில் மட்டுமே படிக்க வாய்த்த பிள்ளைகள் அப்பிழையையே கற்பார்கள். தடுத்து நிறுத்த இனி அவர் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒற்றைக் கேள்வியை மட்டுமே. நேற்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்: "எனக்குப் பயம் வரட்டுங்க. அப்புறம் அனுப்பறேன்."