எழும்பாத மிஷினும் என் வீட்டுக்காரர் போன வழியும்

அன்பான சபை மக்களுக்கு, எனக்கு அழகாக எழுத வராது. நாலாம் வகுப்போடு சரி. ஞாபகமும் தப்புகிறது. நடந்தது முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சாரல் சமயத்தில் ராயகிரியிலிருந்து சபையார் எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் மகள் எஸ்தரை ஆறு வயதில் ஐந்தருவித் தண்ணீர் கொண்டுபோன பிறகு, நாங்கள் அந்தத் திசைக்கே போனதில்லை. இப்போது வீட்டுக்காரருக்கு மறதி நோய். எல்லாம் மறந்திருப்பார் என்று நினைத்துத்தான் போனேன்.

காலையில் துணி அலசிவிட்டு வந்தால் கட்டில் காலி. எப்போதும் "வீட்டுக்குப் போவோம்" என்பார். அதனால் எல்லோரும் தென்காசி பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினார்கள். மழை வலுத்தது. அருவிகளில் வெள்ளம் என்று போலீசார் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் தங்கிய லாட்ஜ் வாசலில் கேமரா உண்டு. ஆனால் படத்தைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர், சர்வர் என்றார்கள், கரண்டு போய் வந்ததில் எழும்பவில்லை. அதைப் பழுது பார்க்கக் கடையநல்லூர்ப் பெண் ஜீனத் நனைந்தபடி வந்தாள். மேனேஜர் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தட்டுனா எழும்ப இது உங்க வீட்டு டிவியா, அண்ணாச்சி? கைய எடுங்க. ஆச்சி, படமெல்லாம் வேற டிஸ்க்ல பத்திரமா இருக்கு. மிஷினை எழுப்புத டிஸ்க்குதான் செத்துட்டு. வயர் போட்டு என் லேப்டாப்ல இருந்து எழுப்பிப் பாக்கேன்."

"எழும்புமா, தாயி?"

"எதுல இருந்து எழும்பணும்னு நாமதான் காட்டணும். திரையில கம்பெனி பேர் வந்து மறையுததுக்குள்ள பட்டனை அமுக்கணும். இல்லேன்னா செத்ததையே தேடிக்கிட்டு நிக்கும்."

அமுக்கினாள். தவறிவிட்டது. மறுபடியும் தவறியது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கியது. அங்கேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, ஒரு பிள்ளையை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டேன். இவரையும் கேட்காதேயும்" என்று அழுதேன்.

"வந்துட்டு ஆச்சி!" என்றாள் ஜீனத்.

படத்தில் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். நின்றார். குனிந்து யாருக்கோ கை நீட்டினார். பிறகு அந்தக் கையைத் தாழ்த்திப் பிடித்தபடி, சின்னச் சின்ன அடி வைத்து ஐந்தருவிப் பாதையில் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. ஜீனத் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் ஆட்டோவில் கூட்டிப் போனார். ஓடைக் கரைப் பாறையில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் காலைத் தொட்டுவிட்டது. நான் கத்தினேன்.

"ஏட்டி, சத்தம் போடாத. பிள்ளை தூங்குதுல்லா" என்றார். மடியில் ஒன்றும் இல்லை.

அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளத்தில் அந்தப் பாறையைக் காணோம்.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இத்தனை வருஷம் எஸ்தர் பேரை ஜெபத்தில்கூட நான் சொன்னதில்லை. இப்போது தினமும் சொல்கிறேன். சாயங்காலம் நடக்கும்போது அவர் கை தாழ்ந்து நீண்டால், அந்தப் பக்கம் இடம் விட்டே நடக்கிறேன். திசை தெரியாமல் நிற்கிறவர்களே, நீங்களும் வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டவர் காட்டுவார்.

மிஷினைப் பற்றி எழுதியதில் தப்பு இருக்கும். யாராவது ஜீனத்திடம் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். அந்தக் கை எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதையும் அவளிடம் கேட்டு எழுதுங்கள். எனக்கு எஸ்தர் உயரமாகவே தெரிந்தது.