வீடு இருப்பதாகச் சொன்ன ஜெகதீஸ்வரி

ஜெகதீஸ்வரிக்குக் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் குழப்பம் வரும். முதலில் கை நடுங்கும், கழுத்தெல்லாம் வேர்க்கும். பிறகு எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே பிடிபடாமல் போகும். மதியம் கழிந்தால் எல்லாம் சரியாகிவிடும். அறுபத்தெட்டு வயதானால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டார். யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஷேக் அலாவுதீனின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு அடுத்து, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் அஞ்சடி நடைபாதையில் அட்டை விரித்துப் படுத்திருந்தார். அதற்கு முன் இருபத்தாறு வருடம் அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை. சுங்கை பினாங்கில் வாடகை வீடு. கணவர் இறந்த மறு வருடம் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். ஈப்போவில் தங்கச்சி மகள் வீட்டில் நாலு மாதம் இருந்து பார்த்தார். அந்தச் சின்ன வீட்டில் ஹாலில் படுத்து, எல்லாரும் எழுந்திருக்கும் முன் எழுந்து பாயைச் சுருட்டுவது ஒத்துவரவில்லை. பினாங்குக்கே திரும்பிவிட்டார். திரும்பியவருக்குப் போக இடம் இல்லை.

அவர் அங்கே படுப்பது அலாவுதீனுக்குத் தெரியும். கிளினிக்குக்குத் தெரியாது. இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் பழைய சுங்கை பினாங் விலாசத்தையே சொன்னார். விலாசம் இல்லை என்றால் கிளினிக் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். வெட்கமும்தான். சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்ன மாத்திரையைத் தினமும் காலை ஆறு மணிக்கு, கோயில் குழாயடியில் முகம் கழுவியதும், தவறாமல் போட்டுவிடுவார். சாப்பாடு அலாவுதீன் தரும் பொட்டலம். அது வர மதியம் ஆகும்.

ஒரு நாள் காலை அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதாகத் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஃபெர்ரி ஏறியது அவருக்கு ஞாபகமில்லை. பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் ஒவ்வொருவராக நிறுத்தி, "ஃபேக்டரி பஸ் போயிருச்சா?" என்று கேட்டார். பெயர் என்ன என்று காவலாளி கேட்டபோது பதில் வரவில்லை. கால் தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்று அவன் நினைத்தான். கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் கடையின் நம்பர் அச்சடித்திருந்ததால் அலாவுதீனுக்குப் போன் போட்டான்.

அலாவுதீன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. வந்தால், ஜெகதீஸ்வரி பெஞ்சில் தெளிவாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ வாங்கிக் கொடுத்த இனிப்பு மைலோவின் காலி கிளாஸ்.

"தம்பி, கடைய விட்டுட்டு ஏன் வந்தீங்க?" என்றார்.

"பேரே தெரியாம நிக்கிறீங்கன்னு போன் வந்துச்சேக்கா."

"என் பேரு எனக்குத் தெரியாதா?" என்றவர், சற்று யோசித்து, "நான் இங்க எப்படி வந்தேன்?" என்று கேட்டார்.

அலாவுதீனுக்கும் விளங்கவில்லை. திரும்பும்போது ஃபெர்ரியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். இதற்கு முன் ரெண்டு தடவை காலையில் அவர் உளறியதும், இனிப்புத் தேத்தண்ணி கொடுத்த கொஞ்ச நேரத்தில் தெளிந்ததும் ஞாபகம் வந்தன. மறுநாள் அவரே கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

மருந்து கொடுக்கும் ரொஸ்னா நடந்ததைக் கேட்டுவிட்டு அட்டையைப் பார்த்தாள். "அம்மா, மாத்திரை போட்டு எவ்வளவு நேரங் கழிச்சுச் சாப்பிடுவீங்க?"

அலாவுதீன் வாயைத் திறந்தபோது ஜெகதீஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார். கடைசியில் அவரே சொன்னார்: "எனக்கு வீடு இல்லம்மா. சோறு வர்றப்ப சாப்பிடுவேன்."

ரொஸ்னா அட்டையைக் கீழே வைத்தாள். "வெறும் வயித்தோட மதியம் வரைக்கும் இருந்தா இந்த மாத்திரை சீனிய ரொம்ப எறக்கிடும்மா. அதான் தலை கொழம்புது. நீங்க சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாங்க."

"அப்ப எனக்கு மறதி நோய் இல்லையா?"

அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றாள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, சில கேள்விகள் கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை?

ஜெகதீஸ்வரி விரல் மடக்கிப் பார்த்தார். "சாயங்காலம் தெருவுல படுக்கிறவங்களுக்குப் பொட்டலம் குடுக்க ஆளுங்க வர்ற நாளு. செவ்வாயா இருக்கணும், இல்லாட்டி வெள்ளி."

அன்று செவ்வாய். அதைச் சரி என்று எடுத்துக்கொள்வதா, தப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

புது மாத்திரையில் வேர்வையும் நடுக்கமும் நின்றன. ரொஸ்னா சமூகநல அதிகாரியிடம் பேசி, ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் வாங்கித் தந்தாள். அங்கே காலை ஏழு மணிக்கெல்லாம் பசியாறல், ஜன்னலோரம் கட்டில். முதல் வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசைக்குக்கூட பையோடு போனார். ஏன் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டால் பையைப் பார்ப்பார். காரணம் சொல்லத் தெரியாது. சில பெயர்கள் விட்டுப்போயின. எது வயசு, எது பழைய மாத்திரை செய்த கோளாறு, எது தெருவில் இருந்த ரெண்டு வருடம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அலாவுதீன் பார்க்கப் போனார்.

"நேத்து நீங்க கொண்டாந்த வாழப்பழம் நல்லா இருந்துச்சு தம்பி," என்றார் ஜெகதீஸ்வரி.

அலாவுதீன் கடைசியாக வந்து பத்து நாளாகியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். மனசு கேட்கவில்லை. "நேத்து நான் வரலியேக்கா."

ஜெகதீஸ்வரி முகம் வாடியது. "வந்தீங்க. இந்த நாற்காலியிலதான் உக்காந்தீங்க." பிறகு, "இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வெளியே வரும்போது இல்லத்துப் பணிப்பெண்ணிடம் அலாவுதீன் கவலையோடு இதைச் சொன்னார். அவள் வருகைப் புத்தகத்தைப் புரட்டினாள். நேற்று நாலரை மணிக்கு ஒருவர் வாழைப்பழத்தோடு வந்திருந்தார். ரொஸ்னா.

அலாவுதீன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனார்.