கோவாக் கத்தியில் ஒரு ‘ப’

கோவாவுக்கு ஒரு மியூசியம் இருக்கிறது என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. நீங்கள் முட்டைக்கோசு என்பீர்களாக்கும். எங்களுக்கு அது கோவா. ராசா ராணி இருந்த கோட்டையை மியூசியம் ஆக்கினால் சரி, கோவாவில் பார்க்க என்ன கிடக்கிறது? பிறகு அது எந்தத் தீவில் என்று சொன்னாள். உடனே, போவோம் என்றேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், ஜெர்மனிக்கு வந்த புதிதில், அந்தத் தீவில்தான் நான் கோவா வெட்டினேன். மகளுக்கு அது தெரியாது. பிள்ளைக்குச் சொல்லிப் பெருமைப்படுகிற உத்தியோகமா அது!

டுசல்டோர்ஃபிலிருந்து ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். பழைய களஞ்சியம் ஒன்றுதான் மியூசியம். பக்கத்து அறையில் சூப் விற்றார்கள். அந்த மணம் மூக்கில் பட்டதும் என் முழங்கால் இரண்டும் நோகத் தொடங்கின. மூக்குக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஐப்பசிக் குளிரில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவர்களுக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் தீவுக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம் அகதி விடுதியில் இருந்தோம். வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் விடிய ஒரு தோட்டத்து வான் வண்டி வரும், ஏறிப் போவோம். எனக்கு அடுத்த கட்டில் பவளம் அக்காவுடையது. என்னிலும் ஆறு வயது மூத்தவர், வாய்க்காரி. முதல் நாள் தோட்டக்காரர் கோவாக் குவியலைக் காட்டி ‘புட்சன்’ என்றார். எங்களுக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. விடுதிக் கக்கூசு கழுவிப் பழகிய சொல். ஓடிப்போய் இரண்டு வாளி தண்ணீர் அள்ளி வந்து ஒவ்வொரு கோவாவாகக் கழுவினோம். அவர் சொன்னது வெளி இலையை வெட்டித் துப்புரவாக்கும்படி. நனைந்த கோவா களஞ்சியத்தில் அழுகிவிடும். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்.

“குளிப்பாட்டினது பிழையோ? அப்ப இனித் தலை துவட்டி விடுவம், வா,” என்றார் பவளம் அக்கா.

நாங்கள் சிரித்ததில் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

வெட்டுகிற கத்தி எல்லாம் ஒரே மாதிரி. அக்கா தன்னுடையதைத் தீட்டித் தீட்டி வைத்திருப்பார்; மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாள் ஆணியைச் சூடாக்கிப் பிடியில் ‘ப’ என்று சுட்டார். வளைவெல்லாம் இல்லை, மூன்றே கோடு. “எங்கட மாட்டுக்குக் குறி சுடுறேல்லையோ, அதுதான் இது. இனி ஆரும் தொடட்டும் பாப்பம்,” என்றார்.

அந்தக் கத்தி மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. கீழே ஓர் அட்டை. எழுத்தறியாத காலத்தில் தீவுக் குடும்பங்கள் தங்கள் சாமான்களில் பொறித்த வீட்டுக்குறியாம் அது. கூரை இல்லாத களஞ்சியத்தைக் குறிக்கலாமாம். எந்தக் குடும்பம் என்று தெரியவில்லையாம்.

என்ன நாசமறுப்பு இது! எழுத்தறியாதவர்களின் குறியா? பவளம் அக்கா ஊரில் பிள்ளைகளுக்கு அ, ஆ என்று அரிவரி படிப்பித்தவர். சுவர் முழுக்கத் தோட்டக்காரர்களின் படங்கள், பெயரோடு. உழவு இயந்திரத்துக்கும் ஒரு பெயர். குதிரைக்குக்கூடப் பெயர். எங்களுக்கு ஒரு வரி இல்லை.

“அம்மா, ஏன் சத்தம் போடுறீங்கள்? எல்லாரும் பாக்கினம்.”

“பாக்கட்டும்! அது எங்கட பானா. இவங்களுக்கு அது களஞ்சியமாம்!”

பொறுப்பாளர் வந்தார். பின்னல் சட்டை போட்ட, மரியாதையான கிழவர். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். சுவாரசியமான கருத்து என்றார். ஒப்பந்தம், படம், ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆதாரம் ஏன் இல்லை என்று சொல்கிறேன், கேளுங்கள். உறைபனி விழுந்த ஒரு காலையில் அந்தக் கத்தி வழுக்கி அக்காவின் இடது கையில் இறங்கியது. தோட்டக்காரர்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் திரும்பி என்னிடம் சொன்னார், வீட்டில் சமைக்கும்போது வெட்டியது என்று சொல், இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேரையும் பொலிஸ் பிடிக்கும் என்று. டொக்டர் கேட்டார். ஜெர்மன் கொஞ்சம் தெரிந்தவள் நான்தான். “சமையலறையில்,” என்றேன். டொக்டர் எழுதிக்கொண்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. அந்தத் தோட்டத்தில் அவர் நின்றதற்கு இருந்திருக்கக்கூடிய ஒரே கடதாசியை நானே என் வாயால் பொய்யாக்கினேன். அந்த மனிதர்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு என்மேலும் இருக்கிறது.

அங்கிருந்தே அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். இப்போது டோர்ட்மண்டில் மகன் வீட்டில் இருக்கிறார்.

“அக்கா, உங்கட கத்தி இஞ்ச தீவு மியூசியத்தில தொங்குது.”

“எந்தக் கத்தி? பானா சுட்டதோ? அட, அதை இன்னும் எறியேல்லையோ! தீட்டி வச்சிருக்கிறாங்களோ எண்டு பார்.”

“துருப்பிடிச்சுப் போச்சு, அக்கா. உங்கட பேரைப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறன்.”

“முழுப் பேரும் போடச் சொல்லு,” என்றார். “பவளராணி. ரீச்சர் எண்டும் போடட்டும்.” அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதித் தாருங்கள் என்றார் பொறுப்பாளர். இந்த நாட்டில் செத்தாலும் ஆன்ட்ராக் எழுதிவிட்டுத்தான் சாக வேண்டும். மூன்று பக்கம் எழுதினேன். சமையலறைப் பொய்யையும் எழுதினேன். மகள் பிழை திருத்தினாள், திருத்தும்போது அழுதாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மிக்க நன்றி. என் கடிதத்தால் அந்தக் குறி தீவைச் சேர்ந்ததுதானா என்பதில் சந்தேகம் எழுந்துள்ளது. ஆகவே பொருளின் பூர்வீகம் தெளிவாகும்வரை அதைக் காட்சியிலிருந்து எடுத்துக் களஞ்சிய அறையில் வைத்திருக்கிறார்கள்.

எப்படி இருக்கிறது கதை! யாரோ பெயர் தெரியாத ஜெர்மன்காரனுடையது என்றால் கண்ணாடியும் வெளிச்சமும். பவளம் அக்காவுடையது என்றதும் இருட்டறை. கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு எடுத்து நீவி வைத்தேன். கடதாசி இல்லாமல் ஒருமுறை பட்டது போதும்.

அக்காவுக்கு ஒரு கிழமையாகச் சொல்லவில்லை. அவரே ஃபோன் எடுத்தார்.

“என்னடி, பேர் போட்டாச்சோ?”

சொன்னேன். மறுமுனையில் அக்கா சிரித்தார், வாளியோடு நின்ற அன்று சிரித்த அதே சிரிப்பு.

“முந்தி நீ வாய் திறந்தாய், என்ரை காயம் சமையலறைக்குப் போச்சு. இப்ப வாய் திறந்தாய், கத்தியும் போச்சு. இனியாவது பேசாமல் இரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏலாது அக்கா,” என்றேன்.