ஞானமேரி மேடத்தின் ஆய்வு

கட்டிலின் மூலையில் மாணவி மடித்த விரிப்பைக் கட்டைவிரலால் அளந்துவிட்டு, மூன்றாவது முறையாக உருவிக் கீழே போடுகிறார் ஞானமேரி மேடம். அந்தக் கட்டிலுக்கு உரிய பனமலைக்காரர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டே நாளானவர், குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்தபடி ஓரமாக நிற்கிறார். "ஏம்மா, நான் எப்பதான் படுக்கறது?" என்று கேட்கிறார். நோயாளி நிற்கலாம், மூலை கோணக் கூடாது. "இருங்க ஐயா, படிக்கற புள்ளைங்க" என்கிறார் மேடம்.

திண்டிவனம் பக்கத்து நர்சிங் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாகப் பயிற்றுநர் அவர். காலை ஏழரைக்கு விழுப்புரத்து ஆஸ்பத்திரி வாசலில் மாணவிகளை இறக்கி நிறுத்தி நகம், கொண்டை, ஷூ என்று துருவுவார். ஊசி போடக் கற்றுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. அதெல்லாம் வார்டு சிஸ்டர்கள் பார்த்துக்கொள்வார்களாம். யாராவது கண் கலங்கினால் மட்டும் பாடம் நடத்துவார். "நர்ஸுன்னா கல்லு மாதிரி இருக்கணும்டி. அழுவறதுக்கு வூட்ல பாத்ரூம் இல்லியா?"

இப்பேர்ப்பட்டவர் ஆய்வுக்கு எடுத்த தலைப்பு, பயிற்சிக் காலத்தில் மாணவிகளின் மன அழுத்தம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் இதை வாசித்தால்தான் துணை முதல்வர் பதவி கிடைக்கும்.

மாணவிகள் நாற்பது பேருக்கும் படிவம் கொடுத்தார். மேலே பெயரும் வரிசை எண்ணும் கட்டாயம். நாற்பது பேரும் 'அழுத்தம் இல்லை' என்றே டிக் அடித்துத் தந்தார்கள். பின்னே? போன வருடம் உண்மையை எழுதிய ஒருத்தியின் அம்மாவை வரவழைத்து, இவள் நர்சிங்குக்கு லாயக்கில்லை என்று சொன்னவர் ஆயிற்றே.

அழுத்தமே இல்லையென்றால் ஆய்வுக்கு எங்கே போவது? மேடத்துக்குத் தலை சுற்றியது. எல்லோரையும் வராந்தாவில் நிற்கவைத்தார்.

"எட்டு மணி நேரம் நின்னுக்கினு இருக்கீங்க, ஸ்ட்ரெஸ் இல்லியா? யார்கிட்ட கதை வுடறீங்க? ஒழுங்கா எழுதிக் குடுங்க. இல்லன்னா ஒருத்தி கேஸ் புக்குலயும் கையெழுத்து கெடையாது."

அந்தக் கையெழுத்து இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. மன அழுத்தத்தை மிரட்டி வாங்கிய முதல் ஆய்வாளர் இவராகத்தான் இருப்பார். பெண்கள் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் கல்லூரிப் பேருந்தின் முன்சீட்டில் அமர்ந்து படிவக் கட்டைப் பிரித்தார். தூக்கமில்லை, தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டுக்கு ஓடிவிடத் தோன்றுகிறது. படிக்கப் படிக்க மேடத்தின் முகம் மலர்ந்தது. டேட்டா பிரமாதமாக வந்திருப்பதாக டிரைவரிடம் சொல்லிக்கொண்டார்.

கோலியனூர்ப் பெண் பானுப்ரியா, வார்டில் வாயே திறக்காதவள், 'அழுத்தத்துக்கு முக்கியக் காரணம்' என்று கேட்டிருந்த இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாள்: ஞானமேரி மேடம்.

மேடம் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் அவள் தூங்கவில்லை. இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பேருந்து நிற்கும்வரை மேடம் பொறுத்திருந்தார். பிறகு கைப்பையிலிருந்து எழுத்தை மறைக்கும் வெள்ளை மையை எடுத்துத் தன் பெயர்மேல் பூசி, உதடு குவித்து மெதுவாக ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் 'நோயாளிகள்' என்று எழுதினார்.