பந்து தைத்த பனியனும் கண்டக்டர் ஏழுமலையும்

கண்டக்டர் ஏழுமலை இறந்துபோன செய்தி வந்த காலையில் நான் முதுகில் பந்தோடு தெருவில் ஓடினேன். டெப்போ மெக்கானிக் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: "கண்டக்டரு பூட்டாருண்ணே. விடியக்காலம் நெஞ்சு வலியாம்." சட்டை போடத் தோன்றவில்லை. படுக்கையிலிருந்து எழுந்த கோலத்திலேயே பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். பின்பக்கம் பை தைத்து, அதற்குள் ரப்பர் பந்து வைத்த பனியன். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

அந்தப் பந்தை என் முதுகில் ஏற்றியவர் ஏழுமலை என்பது டெப்போவில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் ஏற்றினார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எட்டாவதோடு நின்ற கை எழுதுகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் – திண்டிவனம் வண்டியில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். என் குறட்டை ஊரறிந்தது. ஓய்வறையில் நான் படுத்தால் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார்கள், அங்கே இரைச்சல் குறைவு என்று. எவ்வளவு தூங்கினாலும் பகலில் கண் செருகும். எண்பத்தாறில், மல்லாட்டை பிடுங்கும் சமயம், விக்கிரவாண்டி தாண்டி ஒரு கணம் கண் மூடினேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கடலைக் கொல்லைக்குள் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. கொல்லைக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "புடுங்க ஆளு பத்தலன்னுதான சொன்னேன். பஸ்ஸோட அனுப்பிட்டானுங்களா?"

பயணிகள் சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை.

என்னை சீட்டிலிருந்து இறக்கி, ஷெட்டில் டீசல் பிடிக்க விட்டார்கள். குடித்திருப்பான் என்று பேச்சு. ஸ்டீயரிங்கைத் தவிர எனக்கு வேறு வித்தை தெரியாது. வீட்டில் பிள்ளைகள் "அப்பா, எப்ப பஸ் ஓட்டுவ?" என்று கேட்டால் லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

ஒரு மதியம் தூங்கி எழுந்தபோது ஏழுமலை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"டைவரே, உன்னுது வெறும் கொறட்ட இல்ல. நடுவுல மூச்சே நின்னு பூடுது. அப்புறம் கெணத்துல முங்கி எழுந்தவன் கணக்கா இழுக்கற. ஜல்தியா கெளம்பு, டாக்டர பாக்கலாம்."

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் ராத்திரி நான் உண்மையில் தூங்குவதே இல்லை என்றார் டாக்டர். வெளிநாட்டில் இதற்கென்று ஒரு மெஷின் வந்திருக்கிறதாம், மூக்கில் மாட்டிக்கொண்டால் விடிய விடியக் காற்றை உள்ளே தள்ளுமாம். "டயருக்குக் காத்து புடிக்கிற மாதிரியா சார்?" என்று கேட்டார் ஏழுமலை. "கிட்டத்தட்ட" என்று டாக்டர் சிரித்துவிட்டார். அது இங்கே கிடைக்காது. எனக்கு மல்லாந்து படுத்தால்தான் அடைப்பு அதிகம், எனவே ஒருக்களித்தே தூங்க வேண்டும். மல்லாந்தால் குத்துகிற மாதிரி பனியன் முதுகில் பந்து தைக்க வேண்டும். உடம்பைக் குறைக்க வேண்டும், சாராயம் தொடக் கூடாது.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதுகு வலித்தது. வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பந்தைப் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், நானும் தடுக்கவில்லை. தினமும் போட்டுக்கொள்வதாக ஏழுமலையிடம் சொன்னேன். அவர் ஷெட்டிலேயே என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"முதுகுல அச்சே இல்லியே. பந்து எங்க படுத்துச்சு?"

அவர் திட்டவில்லை. மறுநாள் கொஞ்சம் மெத்தென்ற பந்தாக இரண்டு வாங்கி வந்தார். ஒன்று எனக்கு. இன்னொன்றைத் தன் பனியனில் தைத்துக்கொண்டு ஓய்வறையில் என் பக்கத்தில் படுத்தார். "யாரா இருந்தாலும் ரெண்டு பேரையும் சேத்து சிரிங்க" என்றார். கொஞ்ச நாளில் சிரிப்பவர்களுக்கே அலுத்துவிட்டது.

பந்தையும் மீறி நான் மல்லாந்தால் விசில் ஊதுவார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும் அல்லவா? தூக்கத்திலேயே என் வலது கால் பிரேக்கைத் தேடும். ஒரு தடவை அந்தக் காலால் டைம்கீப்பரை உதைத்துவிட்டேன். "பிரேக்கு நல்லா புடிக்குது" என்றார் ஏழுமலை.

ஒரு நாள் நான் பந்தைத் தூக்கி எறிந்து, "வேணாம் கண்டக்டரே, இந்தப் பேஜாரு. டீசலே புடிச்சிக்கினு இருந்துடறேன்" என்றேன். அவர் போய் அதை எடுத்து, துடைத்து, என் மடியில் வைத்தார்.

"நீ உனக்காகவா தூங்கற டைவரே? பின்னால அவ்ளோ பேரு டிக்கெட் வாங்கிக்கினு குந்திக்கினு இருக்கான்."

அதற்குப் பிறகு நான் பந்து இல்லாமல் படுத்ததில்லை.

மறு வருஷம் நான் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், டெப்போவிலும் மறுபடி டிரைவர் சீட்டில் ஏற்றினார்கள். ஆனால் என்னோடு டூட்டி போக எந்தக் கண்டக்டரும் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஏழுமலை நல்ல லைன் ஒன்றை விட்டுவிட்டு என் வண்டிக்கு வந்தார். முதல் நாள் திண்டிவனம் போய்ச் சேரும்வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். பயம் என்பதே தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை பெரிதாக ஒன்றுமில்லை. விடியும்போது தெளிந்த கண், திரும்பக் கிடைத்த சீட், ராத்திரியில் என் மூச்சை எண்ணிக்கொண்டு விழித்திருக்காத மனைவி. அவ்வளவுதான்.

கண்டாச்சிபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது எடுப்பதற்குத் தயாராக இருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உங்க வண்டிக்குப் போன புதுசுல தெனமும் பயந்துகினேதாண்ணே கெளம்புவாரு. சோறு எறங்காது. ஏன்யா போறன்னு கேட்டா, 'நானும் போகலன்னா அவன் வண்டிய எடுக்கவே மாட்டாண்டி'ன்னுவாரு."

நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். எனக்கும் பயம்தான் தங்கச்சி, பின்னால் அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் தினமும் வண்டியை எடுத்தேன் என்பதை நான் சொல்லவில்லை.